மூளை ஸ்கேன் செய்திகளில் ஆட்களின் எண்ணிக்கையும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மனச்சோர்வை மூளை ஸ்கேனிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்கிற செய்திகள் அடிக்கடி வருகின்றன. எத்தனை பேரைச் சோதித்தார்கள், ஸ்கேன்கள் எத்தனை மையங்களில் எடுக்கப்பட்டன என்பது பெரும்பாலும் அவற்றில் இருப்பதில்லை. அது தெரியாமல் செய்தியை எடைபோட வழியில்லை.

பல நாட்டு மையங்கள் சேர்ந்து 2009-ல் தொடங்கிய எனிக்மா கூட்டமைப்பின் மனச்சோர்வு ஆய்வு 2016-ல் வெளியானது. 1,728 நோயாளிகள், நோயில்லாத 7,199 பேர். நோயாளிகளின் ஹிப்போகேம்பஸ் (நினைவாற்றலில் முக்கியப் பங்கு வகிக்கும் மூளைப் பகுதி) சராசரியாக 1.2 சதவீதம்தான் சிறியதாக இருந்தது. இரு தரப்பு அளவுகளையும் வரைந்து பார்த்தால் ஏறக்குறைய 94 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும். ஒருவரின் ஸ்கேனை மட்டும் வைத்து நோயைச் சொல்ல இது போதாது. இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை நம்பகமாகப் பிடிக்கத் தரப்புக்குச் சுமார் 800 பேர் வேண்டும். தரப்புக்கு 25 பேரை வைத்துச் செய்தால், வேறுபாடு உண்மையைவிட நான்கு மடங்கு பெரிதாகத் தெரிந்தால்தான் புள்ளியியல் சோதனையில் தேறும். அப்படித் தற்செயலாகப் பெரிதானவைதான் தலைப்புச் செய்தியாகின்றன.

கூட்டாய்வில் ஸ்கேன்கள் இடம் மாற வேண்டியதில்லை. ஒவ்வொரு மையமும் தன் படங்களை ஒரே மென்பொருளில், ஒரே வழிமுறையில் அளக்கிறது. பிறகு மூளைப் பகுதிகளின் எல்லைக்கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று மனிதர்கள் படம் படமாகப் பார்க்கிறார்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஆய்வின் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது. அதன் பின் வயது, பாலினம், மண்டையோட்டின் கொள்ளளவு ஆகியவற்றுக்கு ஈடுசெய்து, முடிவு எண்களை மட்டும் அனுப்பினால் போதும்.

கோளாறுகளும் உண்டு. ஸ்கேனுக்குள் தலை அசைந்தால் மூளைப்புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, உள்ளதைவிட மெலிந்து தெரியும். நோயாளிகள் கூடுதலாக அசைந்திருந்தால், அசைவையே நோயென்று எண்ணிவிடுவோம். கருவிக்குக் கருவி அளவும் மாறும். அதைச் சரிசெய்ய காம்பேட் என்ற முறை உண்டு. ஆனால் நோயாளிகளை ஒரு கருவியிலும் மற்றவர்களை இன்னொன்றிலும் எடுத்திருந்தால், கருவியின் வேறுபாடு எது, நோயின் வேறுபாடு எது என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. ஒவ்வொரு மையத்திலும் இரு தரப்பையும் ஒரே கருவியில் எடுத்தே ஆகவேண்டும். மருந்து விவரம் மையத்துக்கு மையம் வேறு விதமாகப் பதிவாவதுதான் இன்னும் தீராத தலைவலி.

மரபணு ஆய்விலும் ஆட்கள் கூடியதால்தான் தெளிவு வந்தது. மனநோய் மரபணுக் கூட்டமைப்பு, மனச்சிதைவுடன் தொடர்புள்ள 108 மரபணு இடங்களை 2014-ல் கண்டது. நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் 37,000-லிருந்து 77,000-ஐ நெருங்கிய 2022-ல் மரபணு இடங்கள் 287 ஆயின. அவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பது பெரிய குறை. மற்ற மக்களுக்கு இம்முடிவுகள் அப்படியே பொருந்துமென்று எழுதிவிடக் கூடாது.

ஆட்களின் எண்ணிக்கை, மையங்கள், வேறுபாட்டின் அளவு மூன்றும் ஆய்வுக் கட்டுரையிலேயே இருக்கும். அடுத்த முறை செய்தியின் முதல் பத்தியிலேயே அவற்றைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மூளைப் படிம ஆய்வில் பணியாற்றும் வாசகர்கள்