இடது கார்னருக்கு வேறு ஆள் பாருங்கள், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டி ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று மதியம் நானே போன் போட்டு, கொடுத்த தேதியை ரத்து செய்துவிட்டேன். அந்தத் தேதியை வாங்க நீங்கள் யார் யாரிடம் பேசினீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் முதலில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேசியே என்னை மாற்றியிருப்பீர்கள். உங்கள் முகத்துக்கு நேரே ‘மாட்டேன்’ என்று நான் இதுவரை சொன்னதே இல்லையே.

அதை எனக்குப் போனில் சொல்வதற்கென்ன, ஊருக்கே தெரிகிற மாதிரி எழுத வேண்டுமா என்று கோபப்படுவீர்கள். டீம் குரூப்பில் நீங்கள் போட்ட வாய்ஸ் மெசேஜையும் ஊரே கேட்டது. ‘பயந்தவங்களுக்கு கபடி சரிப்படாது’ என்றீர்கள். பெயர் சொல்லவில்லை, சரி. நானும் யார் பெயரையும், ஊரையும், டீமையும் எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் ஏதோ ஒரு முட்டியின் கதை என்று படித்துவிட்டுப் போகட்டும்.

இந்த வருஷத்து மின்னொளி கபடிப் போட்டிக்கு நோட்டீஸ் அடித்துவிட்டார்கள், பார்த்தீர்களா? போன வருஷம் நாம் சுழற்கோப்பை வாங்கிய போட்டோவைத்தான் மேலே போட்டிருக்கிறார்கள். எல்லோரும் நிற்கிறார்கள். நான் மட்டும் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கேப்டனான உங்களுக்குப் பிடித்த பிள்ளை போல, அதனால்தான் கோப்பையைக் கொடுத்து நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். எழுந்து நிற்க முடியாமல்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த இடைவேளையைப் பற்றி நாம் இதுவரை பேசியதில்லை. பெண்கள் ஆட்டத்தில் 15 நிமிடம், 5 நிமிடம் இடைவேளை, மறுபடி 15 நிமிடம். அந்த 5 நிமிடத்தைத்தான் சொல்கிறேன். முதல் பாதியின் கடைசி ரெய்டில், இடது கார்னரில், அதாவது நம் தடுப்பு வரிசையின் இடது ஓரத்தில் நின்று, பாடி வந்த எதிரணி ரெய்டரின் கணுக்காலைப் பிடித்தேன். எனக்குப் பக்கத்தில் கவரில் நின்ற நம் ஆள் துணைக்குப் பாய்ந்து வந்து என் முட்டியின் வெளிப்பக்கம் விழுந்தாள். முட்டி உள்பக்கமாக மடங்கி ‘டப்’ என்றது. மைக்கில் ‘அருமையான பிடி, அருமையான பிடி’ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். புள்ளி நமக்குத்தான்.

ஜெனரேட்டர் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்தீர்கள். கலர் பாட்டில் வைத்திருந்த தொட்டியிலிருந்து கமிட்டிக்காரர் ஒருவர் ஐஸ் அள்ளி வந்து கொடுத்தார். சுளுக்கு எடுக்கிறேன் என்று காலை இழுக்க வந்தவரைத் தள்ளிவிட்டீர்கள். அப்புறம் தரையில் உட்கார்ந்து உங்கள் வலது முட்டியில் சுற்றியிருந்த கிரேப் பேண்டேஜைப் பிரித்தீர்கள். அதில்லாமல் நீங்கள் கிரவுண்டில் இறங்கி நான் பார்த்ததில்லை. பிரிக்கப் பிரிக்க மண்ணும் வியர்வையுமாக வந்தது. அதை என் முட்டியில் சுற்றினீர்கள். உங்கள் உடம்புச் சூடு அதில் இருந்தது. கிளிப் கிடைக்காமல், தலையில் இருந்த ஹேர்பின்னை எடுத்துக் குத்தினீர்கள். ‘நில்லு’ என்றீர்கள். நின்றேன். ‘ஆடுறியா?’ என்றீர்கள்.

வேறு என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்துக் கேட்டீர்கள்? அந்தக் கட்டைப் போட்டுவிட்டு, அந்த முகத்தோடு என்னைப் பார்த்துக் கேட்டால்?

இரண்டாவது பாதியில் யாரும் என்னைத் தொடக்கூட இல்லை. ரெய்டர் பக்கம் திரும்பினேன், முட்டி மறுபடி நழுவியது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். உங்களுக்கு அன்றைக்குக் கட்டில்லாமல் ஆடிய வலி. மறுநாள் வேலைக்கு நொண்டிக்கொண்டு போனீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்காக நான் உங்களிடம் நன்றி சொல்லவே இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்கேன் எடுத்தபோது முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது, எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸில் உள்பக்கத்ததிலும் சின்னக் கிழிசல். முதல் விழுதலில் எது போனது, இரண்டாவதில் எது போனது என்று எந்த எம்ஆர்ஐயும் பிரித்துக் காட்டாது. காட்டாமல் இருப்பதே நல்லது. நமக்குள் அது தெரியாமலே இருக்கட்டும்.

புத்தூர் கட்டுப் போட்டு, எண்ணெய் தேய்த்து, சும்மா படுத்திருந்து வீணாய்ப் போன மாதங்களுக்கு நீங்கள் காரணம் இல்லை. ஸ்கேன் செலவுக்குப் பயந்த வீடு எங்களுடையது. அந்தப் பணத்தையும் கடைசியில் நீங்கள்தான் கட்டினீர்கள். திருப்பித் தரவும் விடவில்லை.

இனி நீங்கள் கேட்கப்போவதற்கு வருகிறேன். பிசியோவிடம் போய் மூளைச்சலவை ஆகிவிட்டாய் என்பீர்கள். அவர் ஆபரேஷனுக்கு எதிரி இல்லை, அக்கா. முதல் நாளே சொல்லிவிட்டார்: மெனிஸ்கஸ் பெரிதாகக் கிழிந்து மூட்டுக்குள் சிக்கியிருந்தாலோ, நடக்கும்போதே முட்டி நழுவிக்கொண்டிருந்தாலோ, உட்காராமல் நேராக சர்ஜனிடம் போ என்று. எனக்கு இரண்டும் இல்லை. ஸ்வீடனில் நடந்த ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். 18 முதல் 35 வயது வரை 121 பேர், எல்லோருக்கும் புதிதாக ஏசிஎல் அறுந்தது. பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன், பிறகு பயிற்சி. மீதிப் பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன். 5 வருஷம் கழித்துப் பார்த்தால் வலியிலும், விளையாடுவதிலும், அன்றாட வாழ்க்கையிலும் இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. பயிற்சியில் ஆரம்பித்த 59 பேரில் 30 பேர் அதற்குள் ஆபரேஷன் செய்துகொண்டுவிட்டார்கள்.

‘பாத்தியா, பாதிப் பேர் கடைசில கத்திக்குத்தான் போயிருக்காங்க’ என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. மீதிப் பாதிக்குத் தேவைப்படவே இல்லை என்றும் அதைப் படிக்கலாமே. இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கண்டுபிடிப்பதற்குள்: அந்த ஆய்வில் முழுநேர விளையாட்டு வீரர்களைச் சேர்க்கவில்லை. 2022இல் வந்த பிரிட்டன் ஆய்வில், முட்டி ரொம்ப நாளாக நழுவிக்கொண்டிருந்தவர்களுக்கு ஆபரேஷன்தான் கொஞ்சம் நல்ல பலன் கொடுத்தது. எல்லாம் தெரிந்துதான் முடிவெடுத்தேன்.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் போட்டோவை எனக்கு எத்தனை தடவை அனுப்பியிருக்கிறீர்கள்! 2016 ரியோ ஒலிம்பிக்கில் முட்டி அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போனவர், 2018இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம். 2023 ஆகஸ்டில் மும்பையில் மறுபடி முட்டி ஆபரேஷன், மறு வருஷமே பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டி வரைக்கும். எனக்கும் அவரைப் பார்த்தால் மயிர்க்கூச்செறியும். ஆனால் அமெரிக்கக் கால்பந்தில் ஹைன்ஸ் வார்டு என்று ஒருவர் இருந்தார். சின்ன வயதிலேயே இடது முட்டியில் ஏசிஎல் போய்விட்டது. அது இல்லாமலே ஆடி, அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் 2006இல் சிறந்த வீரர் விருது வாங்கினார். நான் அவர் போட்டோவை உங்களுக்கு அனுப்பினேனா? அவர் ஒருவர், வினேஷ் ஒருவர். டவுன் பஸ்ஸில் பிசியோவுக்குப் போய்வருகிற எனக்கு இரண்டு பேரும் அளவுகோல் இல்லை.

ஆபரேஷன் செய்தால் முட்டி ‘சரியாகிவிடும்’ என்று எல்லோரும் பேசுகிறார்கள். தொடைக்குப் பின்னாலிருந்து தசைநாணை எடுத்து, எலும்பில் துளை போட்டு, உள்ளே விட்டு இறுக்குவார்கள். கணுக்காலைப் பிடித்து இழுக்கிற கார்னருக்கு அந்தப் பின்தொடைதான் எல்லாம். அப்புறமும் இதே துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்து அழுத்த வேண்டும், இதே சுவரில் சாய்ந்து உட்கார வேண்டும், இதே சிமெண்டுத் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு ஒற்றைக்காலில் தாண்ட வேண்டும். நல்ல கால் தாண்டுவதில் 90 சதவீதமாவது அடிபட்ட கால் தாண்டும் வரைக்கும் பிசியோ விடமாட்டார். குறைந்தது 9 மாதம். ஆபரேஷன் முடிந்து கிரவுண்டுக்குத் திரும்பியவர்களைப் பார்த்த நார்வே ஆய்வில், 9 மாதம் வரைக்கும் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

இதைப் படித்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். பாதி மட்டும் எழுதுகிறேன். உங்கள் முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் 9 மாதம் காத்திருக்கவில்லை. டிரையல் வந்தது, போனீர்கள், தேர்வானீர்கள், வேலை கிடைத்தது. அந்த வேலையில் உங்கள் வீடு எழுந்தது. எனக்கு ஸ்கேன் எடுத்ததும் அந்தச் சம்பளத்தில்தான். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எங்கள் வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குகிறீர்களே, நான் பார்த்திருக்கிறேன். யாராவது வந்தால் செருப்பைச் சரிசெய்வது போல நின்றுவிடுகிறீர்கள். ‘என்னைப் பாரு, நான் திரும்பி வரலையா’ என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் அந்தப் படிக்கட்டைத்தான் பார்க்கிறேன்.

அம்மாவின் பயத்தை நான் சாக்காகச் சொல்கிறேன் என்று யாரோ சொன்னார்களாம். 2022 நவம்பரில் சென்னையில் கால்பந்து ஆடிய கல்லூரி மாணவிக்கு என்ன நடந்தது என்று அம்மா டிவியில் பார்த்தாள். ஜவ்வு ஆபரேஷனுக்குப் போன பெண். போட்ட கட்டு இறுக்கி, ரத்த ஓட்டம் நின்று, காலை எடுத்து, கடைசியில் உயிரே போனது. வயது 17. ஆயிரக்கணக்கில் நல்லபடியாக நடக்கிற ஆபரேஷன்தான் என்று நானே அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். அம்மாவின் பயம் அம்மாவுடையது. அது என் முடிவில் இல்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னதும் அவள் செயினை எடுத்து மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்தபோது நிம்மதியாக இருந்தது, அவ்வளவுதான்.

முடிவு சர்ஜனின் அறையில் எடுத்தது. படத்தைப் பார்த்தார், காலை மடக்கி இழுத்துப் பார்த்தார். ‘மறுபடி இதே விளையாட்டை இதே மாதிரி ஆடணும்னா பண்ணிக்கலாம். இல்லைன்னா இப்ப போற மாதிரி பயிற்சியிலயே போகலாம். நழுவ ஆரம்பிச்சா வா, அப்ப பாத்துக்கலாம். நீ ஆடுறியா?’ என்று கேட்டார்.

நீங்கள் கேட்ட அதே வார்த்தை. ஆனால் அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். என் பதில் எதுவானாலும் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. எனக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? ‘இப்போதைக்கு இல்லை, சார்’ என்றேன். அந்த ‘இப்போதைக்கு’ உங்களுக்காகச் சேர்த்தது.

பஸ் ஏறுகிறேன், மாடி ஏறுகிறேன், நேராக ஓடுகிறேன், சட்டென்று திரும்புகிறேன். முட்டி நழுவவில்லை. கணுக்காலுக்குப் பாய்ந்து பார்த்தாயா என்றால், இல்லை. பாய வேண்டும் என்று உடம்பு கேட்கவும் இல்லை. ஒரு வருஷமாக ஊரே கேட்பது முட்டியைப் பற்றித்தான். அதற்கு முந்திய சீசனிலேயே, மேட்ச் முடிந்து திரும்பி வரும் வேனில் எல்லோரும் பாட்டுப் பாடும்போது நான் ஜன்னல் பக்கம் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். அதை நீங்கள் கவனித்திருப்பீர்கள் என்று நினைத்தேன். ஏழாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து, ‘இவளை எங்கிட்ட விடுங்க’ என்று அம்மாவிடம் கேட்டவர் நீங்கள். என்னைப் பற்றி எனக்கே தெரியாததைக் கண்டுபிடித்தவர் இதையும் கண்டுபிடித்திருக்க வேண்டாமா?

பயம் என்று சொல்லிவிட்டீர்கள். பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பயந்தவளா அந்த இரண்டாவது பாதி ஆடினாள்?

அடுத்த மாத டிரையலுக்கும் நான் வரவில்லை. விண்ணப்பத்தில் என் பெயரை எடுத்துவிடுங்கள். அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கும்போது இப்படிக் கோட்டை விடுகிறாளே என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது தெரிகிறது. பி.எட். சேரப் பணம் கட்டியிருக்கிறேன். நடுவர் தேர்வும் எழுதலாம் என்று யோசனை. விசில் ஊதும் வேலைக்கு இந்த முட்டி தாங்கும். உங்கள் மேட்சுக்கு நான் நடுவராக வந்தால் போனஸ் புள்ளிக்கு என்னோடு சண்டை போடுவீர்கள், அதற்கும் தயாராகத்தான் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு இடது கார்னரில் சின்னவளை நிறுத்துங்கள். இரண்டு நாளாகக் கிரவுண்டு ஓரமாக நின்று பார்த்தேன், உங்களுக்குத் தெரியாது. அவளுடைய பிடி என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. ஒரே குறை, பாயும் முன்னால் தோளை இறக்கிவிடுகிறாள், ரெய்டர் அதைப் பார்த்தே காலை எடுத்துவிடுவாள். அதை மட்டும் திருத்துங்கள். அப்புறம், அவள் விழுந்தால் வெளியே உட்கார வைத்துவிடுங்கள், அக்கா. ஆடுறியா என்று அவளிடம் கேட்க வேண்டாம். நீங்கள் கேட்டால் ஆடுவேன் என்றுதான் சொல்வாள்.