காதல் பாட்டுச் சுற்றுக்குக் கேள்வி தயாரிக்குமுன்

அன்புள்ள கயல்,

பொங்கல் விழாவில் பழைய காதல் பாட்டுகளை வைத்து நீ நடத்தப்போகும் வினாடி வினாவுக்கு இருபது கேள்வி தாராளம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விடைதான் இருக்க வேண்டும். அதற்கு ஆதாரமும் உன் கையில் இருக்க வேண்டும். பழைய பாட்டென்றால் ஆளாளுக்கு ஒரு நிச்சயம் வைத்திருப்பார்கள், சண்டை மூளுவதும் அதனால்தான்.

"எஸ்.பி.பி.யின் முதல் தமிழ்ப் பாட்டு எது?" என்று மட்டும் கேட்டுவிடாதே. 'அடிமைப் பெண்' (1969) படத்து 'ஆயிரம் நிலவே வா' என்பார் ஒருவர். இல்லை, 'சாந்தி நிலையம்' படத்து 'இயற்கை என்னும் இளைய கன்னி' என்பார் அடுத்தவர். 'ஹோட்டல் ரம்பா'வுக்காக எல்.ஆர். ஈஸ்வரியோடு பாடியதுதான் முதல் ஒலிப்பதிவு, படம்தான் வெளிவரவில்லை என்பார் விவரம் தெரிந்த ஒருவர். அதே 1969இல் வந்த 'குழந்தை உள்ளம்' படத்தில் 'முத்துச் சிப்பிக்குள்ளே' இருக்கிறதே என்று நாலாவது ஆள் எழுந்து நிற்பார். பாடியதா, பதிவானதா, திரைக்கு வந்ததா என்று பிரிக்காதவரை இது தீராது. பதிலாக, 'ஆயிரம் நிலவே வா' யார் எழுதியது என்று கேள். பாதிப் பேர் வாலி என்பார்கள், மீதிப் பேர் கண்ணதாசன் என்பார்கள். எழுதியவர் புலமைப்பித்தன். இசையும் எம்.எஸ்.வி. (எம்.எஸ். விஸ்வநாதன்) இல்லை, கே.வி. மகாதேவன்.

எம்.ஜி.ஆர். என்றால் டி.எம்.எஸ். குரல்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அதை வைத்தே ஒரு நல்ல தொடர் கேள்வி அமைக்கலாம். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) படத்தின் 'மாசிலா உண்மைக் காதலே', 'பாசம்' (1962) படத்தின் 'பால் வண்ணம் பருவம் கண்டு', பிறகு 'ஆயிரம் நிலவே வா' மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டு, மூன்றிலும் திரையில் யார் என்று கேள். ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீநிவாஸ், எஸ்.பி.பி. என்று மூன்று குரல், முகம் ஒன்றுதான். முதல் பாட்டில் நாயகி பானுமதி தன் வேடத்துக்குத் தானே குரல் கொடுத்துப் பாடியிருக்கிறார் என்பதையும் சொல்லிவிடு, அந்த அம்மாவுக்குரிய மரியாதை அது.

இசையமைப்பாளர் கேள்வியில் 1965ஐ எல்லைக்கோடாக வைத்துக்கொள். 'ஆயிரத்தில் ஒருவன்' வரை விஸ்வநாதன்–ராமமூர்த்தி இருவரும் சேர்ந்து. 1966 பொங்கலுக்கு வந்த 'அன்பே வா' எம்.எஸ்.வி. தனித்து. 'காதலிக்க நேரமில்லை' (1964) பாட்டுக்கு எம்.எஸ்.வி. என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான் கொடு. ராமமூர்த்தியை விட்டுவிடுவது நியாயமில்லை.

பாரதி பெயரிலும் இப்படியொரு குழப்பம் உண்டு. 'கப்பலோட்டிய தமிழன்' (1961) படத்தில் பி.பி. ஸ்ரீநிவாஸும் சுசீலாவும் பாடிய 'காற்று வெளியிடைக் கண்ணம்மா' பாரதியே எழுதியது. 'நினைத்தாலே இனிக்கும்' (1979) படத்தின் 'பாரதி கண்ணம்மா' கண்ணதாசன் எழுதியது. ஒன்றைக் கேட்டதும் மற்றதையும் கேட்டுவிடு.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி 'வாராய் நீ வாராய்' பற்றியது. 'மந்திரி குமாரி' (1950), ஜி. ராமநாதன் இசை, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. கேட்டால் நிலாக்காலக் காதல் டூயட். படத்தில் அவன் அவளை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்லத்தான் கூட்டிப்போகிறான், கடைசியில் விழுவது அவன். படக்காட்சி இல்லாமல் ஒலியை மட்டும் போட்டு, "பாட்டு முடிந்ததும் என்ன நடக்கிறது?" என்று கேள். பெரியவர்கள் முந்திக்கொள்வார்கள், பிள்ளைகள் அசந்துபோவார்கள். கூடவே ஒன்று: 'நிழல்கள்' (1980) படத்தில் 'பூங்கதவே தாள் திறவாய்' பாடிய தீபன் சக்ரவர்த்தி அந்த லோகநாதனின் மகன்.

'ராஜபார்வை' (1981) படத்தின் 'அந்திமழை பொழிகிறது' பாட்டில் எஸ்.பி.பி., ஜானகி தவிர மூன்றாவது குரல் யாருடையது என்று கேட்டால் தேர்ந்த ரசிகர்கூடத் தடுமாறுவார். டி.வி. கோபாலகிருஷ்ணன். இதற்குப் பல்லவியோடு நிறுத்தாமல் முழுப் பாட்டையும் ஓடவிட வேண்டும்.

மற்றவற்றுக்கு முன்னிசை பத்து விநாடி போதும், குரல் தொடங்கும் முன் வெட்டிவிடு. பிற்காலத்தில் புது வாத்தியம் சேர்த்து வெளியிட்ட பதிப்புகளில் முன்னிசை மாறியிருக்கும், அதனால் அசல் ஒலிதானா என்று கேட்டுப் பார்த்துக்கொள். 'கல்யாண பரிசு' (1959) படத்தின் 'உன்னைக் கண்டு நான் ஆட' சுசீலா குரலில் ஒன்று, ஏ.எம். ராஜா குரலில் சோகமாக ஒன்று என இரண்டு உண்டு. எந்தப் பதிவைப் போடுகிறாய் என்பதைக் கேள்வியிலேயே சொல்லிவிடு.

படத்தின் எழுத்துப் போடும் பகுதியை மட்டும் நம்பாதே. அதில் பாடகர்கள் எல்லோர் பெயரும் ஒன்றாக வரும், எந்தப் பாட்டு யாருடையது என்று இருக்காது. இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய தாளில்தான் பாட்டுவாரியாகப் பெயர் இருக்கும். தட்டின் படம் இணையத்தில் கிடைத்தால் எடுத்து வைத்துக்கொள், யாராவது மறுத்தால் திரையில் காட்டலாம். இப்படி ஆதாரம் எதுவும் கிடைக்காத கேள்வியை எடுத்துவிடு.

கேள்விகளை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, நானும் ஒருமுறை சரிபார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா