பரிசு ஓவியங்களும் பள்ளி ஓவிய வகுப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சிறுவர் ஓவியப் போட்டியின் பரிசுப் படங்களைப் பார்த்தேன். வரைந்த பிள்ளைகள் எல்லோருக்கும் என் வாழ்த்து. ஆனால் பாதிக்கு மேல் ஒரே படம்தான்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, கரையில் தென்னையும் குடிசையும். நான் ஓவியம் சொல்லித்தரும் திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகளும் இதையேதான் வரைகிறார்கள். ஏரியும் பனைமரமும் செங்கல் சூளையும் கண்ணெதிரே இருக்க, பார்த்தே இராத மலையடிவாரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுகிறார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. கரும்பலகையில் நாங்கள் வரைகிறோம், அதைப் பார்த்து அவர்கள் வரைகிறார்கள். ஓவியத்துக்கான லோயர், ஹையர் எனும் அரசுத் தேர்வுகளுக்காக நாங்கள் பயின்றதே பார்த்ததைப் பிசகாமல் வரையும் பயிற்சிதான். கை பழக அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது மட்டுமே ஓவியம் என்று ஆகிவிடக் கூடாது.

எங்கள் ஏழாம் வகுப்பில் ஒரு பருவம் முழுக்கக் கரும்பலகையில் படம் போடுவதை நிறுத்தினேன். “நம்ம ஊர்ல எத்தனை நிறம் இருக்கு, கொண்டு வாங்க” என்று மட்டும் சொன்னேன். செம்மண், ஏரி வண்டல், புற்றுமண், செங்கல் தூள், அடுப்புக்கரி, சுண்ணாம்பு, மஞ்சள் எல்லாம் வந்து சேர்ந்தன. அவுரி பயிரிடும் வீட்டுப் பையன் நீலக்கட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். மண்ணை இடித்து, தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேல் கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்துத் தெளியவைத்தோம். அடியில் படியும் மெல்லிய வண்டலைக் காயவைத்தால் வண்ணப்பொடி தயார். ஆனால் சுவரில் பூசினால் விரலோடு வந்துவிட்டது. எதைச் சேர்த்தால் ஒட்டும் என்பதைப் பிள்ளைகளே தேடினார்கள். கஞ்சி கலந்த வண்ணம் பூஞ்சை பிடித்தது. கருவேலம் பிசின் நன்றாகப் பிடித்தது.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவந்தபோது வகுப்பே கூச்சலிட்டது. அப்புறம் அதே மஞ்சள் வெயிலில் நாளுக்கு நாள் வெளுத்தது. எங்கள் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறையில் செங்காவியால் தீட்டிய பழங்கால உருவங்களின் படங்களை அப்போதுதான் காட்டினேன். இது மட்டும் ஏன் இத்தனை காலம் வெளுக்கவில்லை என்று ஒரு பெண் கேட்டாள். செங்காவியின் சிவப்பு இரும்பு ஆக்சைடு, வெயில் அதை ஒன்றும் செய்வதில்லை. மஞ்சளின் நிறம் செடியிலிருந்து வரும் சாயம். இதை அறிவியல் ஆசிரியை வந்து நடத்திக் கொடுத்தார். பிள்ளைகள் தாங்களே கேட்டு வாங்கிய பாடம் அது.

அந்த வண்ணங்களைக் கொண்டு பள்ளிச் சுவரில் ஊர்ப்படம் ஒன்றை எல்லோருமாக வரையத் தொடங்கினோம். உண்மையான வேலை அங்கேதான் இருந்தது. கோயிலைப் பெரிதாகப் போடுவதா, ஏரியையா என்று சண்டை. வகுப்பில் வாயே திறக்காத பையனுக்குத்தான் மதகு எங்கே இருக்கிறது, வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் தெரிந்திருந்தது. கோடு நேராக வராத பிள்ளைகளும் மண் சலிப்பதில், நிறம் கலப்பதில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். முதலில் கரியால் போட்ட படத்தில் காலனித் தெரு இல்லை. “எங்க தெரு எங்கே?” என்று அங்கிருந்து வரும் பிள்ளைகள் கேட்டார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பிள்ளைகளே கரிக்கோட்டை அழித்து, இடம் ஒதுக்கி, மறுபடி வரைந்தார்கள். தனித்தனித் தாளில் வரைந்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்தே இருக்காது.

இது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்கு வங்க ஓவியர் நந்தலால் போஸ் தீட்டிய படங்கள் மண் வண்ணங்களாலானவை. அவர் கற்பித்த, தாகூரின் சாந்திநிகேதன் மாணவர்களும் அந்த வேலையில் பங்கெடுத்தார்கள். அவரிடம் பயின்ற தேவி பிரசாத், 1940களில் காந்தியின் சேவாகிராமத்துக்குப் போய், கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்விப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலை கற்பித்தார். இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரில் 1963 முதல் நகராட்சி நடத்தும் மழலையர் பள்ளிகளில் ஓவியக்கூடமும் அதற்கென்று ஒரு கலைஞரும் உண்டு. பிள்ளைகள் சிறு குழுக்களாக ஒரே விஷயத்தைப் பல வாரம் ஆராய்கிறார்கள்.

இங்கே ஓவிய பீரியடைக் கணக்குக்குக் கடன் கொடுப்பது பல பள்ளிகளில் வழக்கம். 2012இல் அரசு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல் எனப் பாடங்களுக்கு 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். அரைநாளில் வந்து போகிறவர் எப்படி ஒரு பருவம் நீளும் வேலையைப் பிள்ளைகளோடு தொடங்குவார்? 2022 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்காகக் கல்வித்துறை நடத்தும் கலைத் திருவிழாப் போட்டிகளை நான் மனமார வரவேற்கிறேன். எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் அவற்றால் மேடை ஏறியிருக்கிறார்கள். ஆனால் ஓவியம் என்று வந்தால் அங்கும் பெரும்பாலும் ஒரு பிள்ளை, ஒரு தாள், குறித்த நேரம். ஒரு வகுப்பே சேர்ந்து மாதக்கணக்கில் செய்ததை, நடுவர்கள் பள்ளிக்கே வந்து, பிள்ளைகளிடம் பேசிப் பார்க்கும் பிரிவு ஒன்றைக் கல்வித்துறை சேர்க்க வேண்டும். இதற்குச் செலவு அதிகம் ஆகாது. எங்கள் வகுப்பு கடையில் வாங்கியது தூரிகையும் சுண்ணாம்பும்தான்.

தங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுப் போட்டியில் வகுப்பாகச் செய்த படைப்புகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள். எப்படிச் செய்தோம் என்று பிள்ளைகள் தங்கள் கையால் எழுதிய ஒரு பக்கத்தையும் படத்தோடு கேட்டு வாங்கி, இரண்டையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியை ஒருவர்,
திண்டிவனம்.