மணல்வெளியில் மரம் நடாதீர்கள்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள தமிழ் அமைப்புகளின் மரம் நடும் குழுவினருக்கு,

வணக்கம். நம் மாநிலத்து மேசன் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) மணல்வெளிகளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, கன்று நடலாமே" என்று நம்மவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டேன். தயவுசெய்து அங்கே வேண்டாம். அது தரிசு இல்லை, மணலில் வளர்ந்த புல்வெளி.

பனியுகத்தின் முடிவில் உருகி ஓடிய வெள்ளம் இல்லினாய் ஆற்றோரம் கொட்டிய மணல் அது. மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது, சத்தும் கிடையாது. அதற்குப் பழகிய செடிகள்தான் அங்கே இருக்கின்றன. லிட்டில் புளூஸ்டெம் புல் கொத்துக் கொத்தாக நிற்கும். இடையில் நம் கொழுஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்த கோட்ஸ் ரூ, துளசிக் குடும்பத்து ஸ்பாட்டட் பீபாம், ஆழமாக வேர்விடும் லெட்பிளாண்ட். ஊரில் வந்தேறியாகப் பார்த்த சப்பாத்திக்கள்ளி வகையொன்று இங்கே மண்ணின் மைந்தன்! குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்துச் சுருங்கித் தரையோடு படுத்துவிடும், ஜூனில் மஞ்சளாகப் பூக்கும்.

சரி, மண் பறக்கிறதே என்பீர்கள். பறக்கத்தான் வேண்டும். காற்று அரித்த குழிகளின் வெறும் மணலில்தான் சில செடிகள் பிழைக்கும். சில்வரி பிளாடர்பாட் என்ற சிறு செடிக்கு அப்படித் திறந்த மணல் வேண்டும். இந்த மாநிலத்தில் அது இருப்பது மேசன் கவுண்டியில் மட்டும். அருகிவரும் தாவரப் பட்டியலில் உள்ளது. இந்த மணல் தாவரங்களைப் பற்றி 1910இலேயே விரிவாக எழுதியவர் தாவரவியலாளர் ஹென்றி ஆலன் கிளீசன். அவர் பெயரில் அங்கே ஒரு சிறிய இயற்கைக் காப்பகமும் இருக்கிறது.

பிளாக் லோகஸ்ட் மரம் வந்தால் வேரில் நைட்ரஜன் சேர்த்து மணலைச் சத்தாக்கிவிடும். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தில் களைகள்தான் கொழிக்கும். ரெட் சீடர் மரம் நிழலை இறக்கிப் புல்லைக் கொல்லும். வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரங்கள் நீலகிரிப் புல்வெளியை மூடிவிட்டது நமக்குத் தெரியாததா? இல்லினாயில் 2.2 கோடி ஏக்கராக இருந்த புல்வெளியில், 1970களில் கணக்கெடுத்தபோது நல்ல நிலையில் எஞ்சியது ஏறத்தாழ 2,300 ஏக்கர்தான்.

உழைக்கத்தான் ஆசை என்றால் வேலை நிறைய இருக்கிறது. சீடர் வெட்டவும் களை எடுக்கவும் ஆள் வேண்டும். காப்பகத்தைப் பராமரிப்பவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். அனுமதியில்லாமல் எதையும் பிடுங்கவோ விதை எடுக்கவோ கூடாது. அப்புறம், பிள்ளைகளுக்குச் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போட்டு அழைத்து வாருங்கள். புல்லுக்குள் கள்ளி இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

அன்புடன்,
உங்களில் ஒருவன்