மஞ்சள் கடிதாசி கொடுப்பதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. கோர்ட்டில் மஞ்சள் கடிதாசி, அதாவது திவால் மனு, கொடுப்பதற்கு முன் காலி மனையை என் பேருக்குத் தானமாக எழுதிவிடட்டுமா என்று கேட்டாய். வேண்டாம் தம்பி. அந்தப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. 31 ஆண்டுகள் கோர்ட்டில் அமீனாவாக, கடன் பாக்கிக்குச் சொத்தை ஜப்தி செய்யப் போய்வந்தவன் என்பதால் சொல்கிறேன்.

பவானியில் ஒரு ஜமுக்காள நெசவாளியின் வீடு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. கடனை வசூலிக்கக் கோர்ட்டில் டிக்ரி (தீர்ப்பு) வாங்கிய கடன்காரர் கூடவே வந்திருந்தார். குழித்தறியைக் காட்டி, "அதை எழுதுங்கள்" என்றார். தறியில் பாதி நெய்த சிவப்புக் கம்பளம் அப்படியே இருந்தது. எழுத முடியாது என்றேன். அடுப்பருகே இருந்த பித்தளைக் குண்டானைக் காட்டினார். அதுவும் முடியாது என்றேன். கடைசியில் அந்தப் பெண்ணின் கழுத்தைப் பார்த்தார். அவள் முந்தானையை இழுத்துத் தாலியை மூடிக்கொண்டாள். "அம்மா, அதை யாரும் தொட முடியாது, பயப்படாதே" என்றேன். அன்று ஜப்தி ஜாபிதாவில் (பட்டியலில்) ஒரு சைக்கிளும் ஒரு ரேடியோவும்தான் ஏறின.

அது என் இரக்கம் இல்லை, சட்டம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு எனக்கு மனப்பாடம். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, கைத்தொழில் செய்பவனின் கருவி, விவசாயியின் கலப்பை, மாடு, விதைநெல் எதையும் ஜப்தி செய்யக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு ஜப்திக்கு வீட்டுக்குள் நுழையவும் கூடாது. உன் கடன்காரர்கள் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டுகிறார்கள் என்று மருமகள் அழுதாளே, கோர்ட்டு அமீனாவுக்கே இல்லாத உரிமை அது.

2016இல் புதிய திவால் சட்டம் வந்தது உண்மை. ஆனால் உன்னைப்போல் தனி ஆளாகத் தொழில் செய்தவர்களுக்கு இன்னும் 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம்தான். நீ திவாலானவன் என்று கோர்ட்டு அறிவித்ததும் உன் சொத்து, கோர்ட்டு நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். ஆனால் 60ஆவது பிரிவு விலக்கி வைத்தவை, கணக்குப் புத்தகங்கள் நீங்கலாக, அவர் கைக்கும் போகாது. உன் எல்.ஐ.சி. பாலிசியும், அம்மா சொல்லி நீ ஆரம்பித்த பி.பி.எஃப். சேமிப்புக் கணக்கும் அப்படி விலக்கில் வருபவை. பாலிசியை எங்காவது அடமானம் வைத்திருந்தால் மட்டும் இப்போதே சொல்லிவிடு. மருமகளுக்கு அவள் பிறந்த வீட்டில் போட்ட நகை அவளுடையது, உன் கணக்கிலேயே வராது. அவள் எந்தக் கடனுக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாளா என்று பார்.

இனி வேலைக்குப் போனால் சம்பளம் முழுவதையும் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்தாய். அப்படி இல்லை. முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உனக்கு. 25,000 ரூபாய் சம்பளம் என்றால் 17,000 ரூபாயை யாரும் தொட முடியாது. முன்பு அந்த முதல் தொகை 400 ரூபாயாக இருந்தது. 1,000 ஆக்கிய பிறகும் இன்றைய விலைவாசிக்கு அது போதாது என்பதுதான் என் எண்ணம்.

சொல்லக் கஷ்டமாக இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். வீடு நிற்காது. வீட்டுக்கான விலக்கு, விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் வீட்டு வேலைக்காரருக்கும் அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்குத்தான். தவிர, நீ அதை பேங்கில் அடமானம் வைத்திருக்கிறாய், அடமானத்துக்கு முன்னால் விலக்குப் பேச்சே எடுபடாது. உன் தையல் யூனிட்டில் இருக்கும் ஓவர்லாக் மெஷின்களையும் கைத்தொழில் கருவி என்று வாதாடிப் பார்க்கலாம் என்கிறாய். ஆறு பேரைச் சம்பளத்துக்கு வைத்துத் தைத்த இடத்தில் அந்த வாதம் நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜி.எஸ்.டி. பாக்கியும் அரசாங்கக் கடன், திவாலில் மற்றக் கடன்களிலிருந்து கோர்ட்டு விடுதலை தந்தாலும் அது தீராது.

இப்போது அந்த மனை. நீ எழுதிக் கொடுத்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் திவால் மனு தாக்கலாகி நீ திவாலாளி என்று அறிவிக்கப்பட்டால், அந்தத் தானத்தை ரத்து செய்யச் சொல்லி ரிசீவர் கேட்கலாம். மோசடி எண்ணத்தோடு சொத்தை மறைத்தது நிரூபணமானால் ஓராண்டு வரை சிறை. உனக்கு விடுதலை தருவதா வேண்டாமா என்று கோர்ட்டு யோசிக்கும்போதும் இதெல்லாம் முன்னால் வந்து நிற்கும். ஒரு மனைக்காக அதையெல்லாம் இழக்காதே. அதையும் மனுவில் எழுது. மைத்துனரிடம் வாங்கிய கைமாற்றையும் எழுது. அவருக்கு மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிடலாம் என்று நினைக்காதே, அதையும் ரத்து செய்ய வழி இருக்கிறது.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கடன் பத்திரங்கள், பேங்க் நோட்டீஸ்கள், யூனிட்டின் கணக்குப் புத்தகங்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வை. உட்கார்ந்து ஜாபிதா எழுதுவோம். வக்கீலிடமும் சப் கோர்ட்டுக்கும் நானும் கூட வருகிறேன். அம்மா குழந்தைக்கு முறுக்கு சுட்டிருக்கிறாள், கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா