தாயிமே சொன்ன நாள்

தம்பிக்கு,

விசா வந்துவிட்டதாம், இந்த முறை தோஹாவாம். ஊரிலிருந்து சொன்னார்கள். நீ சொல்லவில்லை. போகட்டும்.

அந்த ஜோர்தான் சூப்பர்வைசர் வீட்டுத் துக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், நம் அறைக்காரர்களும் இதைப் படிப்பார்கள். சர்க்கரை போடாத காபி, சின்னக் கோப்பை. திருப்பிக் கொடுக்கும்போது நீ 'தாயிமே' என்றாய். ஊற்றியவர் கை அப்படியே நின்றுவிட்டது.

அரபியில் தாயிமே என்றால் 'என்றைக்கும் இருக்கட்டும்'. கல்யாண வீட்டில், சும்மா பார்க்கப் போன வீட்டில் அது அழகு. சாவு வீட்டில் சொன்னால், இந்தக் காபி திரும்பத் திரும்ப வரட்டும் என்றாகிவிடுகிறது. அங்கே கோப்பையைக் கொடுக்கும்போது 'அல்லாஹ் யர்ஹமு', இறந்தவருக்கு அல்லாஹ் இரங்கட்டும், என்றால் போதும். இறந்தவர் பெண்ணென்றால் 'யர்ஹம்ஹா'. உள்ளே நுழைகையில் வீட்டாரிடம் 'அழ்ழமல்லாஹ் அஜ்ரகும்', உங்கள் நற்கூலியை அல்லாஹ் பெரிதாக்கட்டும். அவர்கள் 'ஷகரல்லாஹ் ஸஅயகும்', நீங்கள் வந்த சிரமத்தை அல்லாஹ் ஏற்கட்டும், என்பார்கள்.

சொல்லைக் கொடுத்தேன், சொல்லும் இடத்தைக் கொடுக்கவில்லை. தப்பு என்னுடையது. ஆனால் நீ கேட்டதும் 'காபி குடிச்சா என்ன சொல்லணும்' என்று மட்டும்தானே? அதற்கு நான் சொன்ன பதில் சரி. அதன்பிறகு அறை முழுக்க 'அண்ணன் கத்துக்கொடுத்த அரபி' என்று சிரித்தாயே, அது தேவையா?

சரி, இதைப் பிடித்துக்கொள். எல்லாவற்றுக்கும் சுக்ரன், அதாவது நன்றி, சொல்லித் தப்பிக்காதே. வந்த சொல்லின் வேரையே திருப்பிக் கொடு. வேலை செய்கிறவனிடம் 'யஅத்தீக்கல் ஆஃபியா', அல்லாஹ் நலம் தரட்டும், என்பார்கள், பதில் 'அல்லாஹ் யஆஃபீக்'. வாழ்த்தி 'மப்ரூக்' என்றால் 'அல்லாஹ் யுபாரிக் ஃபீக்'. முடி வெட்டியோ குளித்தோ வந்தால் 'நஈமன்', பதில் 'அல்லாஹ் யன்இம் அலைக்'. உடம்பு சரியில்லாதபோது 'ஸலாமத்தக்', பதில் 'அல்லாஹ் யுஸல்லிமக்'. பெண்ணிடம் பேசும்போது கடைசி 'அக்' 'இக்' ஆகும். நீ சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

சில வார்த்தை இரட்டிப்பாகத் திரும்பும். ஷாம் பக்கத்து ஆள், அதாவது சிரியா, லெபனான், ஜோர்தான், பாலஸ்தீனக்காரர், வணக்கமாக 'மர்ஹபா' என்றால் 'மர்ஹபதைன்', இரண்டு மர்ஹபா என்று அர்த்தம். 'ஸபாஹல் கைர்' என்றால் 'ஸபாஹன் நூர்': அவன் நல்ல காலை தந்தான், நீ ஒளியுள்ள காலை தருகிறாய். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உன் ஞாபகம்தான்டா.

மொராக்கோக்காரர் யாராவது கூட வேலை செய்தால் அந்த ஆஃபியாவை விட்டுவிடு. அவர்கள் ஊர்ப் பேச்சில் ஆஃபியா நெருப்பு. 'அல்லாஹ் யஅத்தீக் அஸ்ஸஹா' என்று சொல். இதையும் நான் சொல்லவில்லை என்று பிறகு ஊரெல்லாம் பேசாதே.

தோஹாவில் காபி போதுமென்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடு. ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வாங்குவதும் கொடுப்பதும் வலது கையால்.

போய் இறங்கியதும் 'அல்ஹம்துலில்லாஹ் அலஸ்ஸலாமா', நல்லபடியாக வந்து சேர்ந்ததற்கு அல்லாஹ்வுக்கே புகழ், என்பார்கள். பதில் 'அல்லாஹ் யுஸல்லிமக்'. போன முறை ஏர்போர்ட்டில் நான்தான் அதை உன்னிடம் முதலில் சொன்னேன். நீ சுக்ரன் என்றாய்.

அண்ணன்