அவங்க அப்படித்தான் என்றாயே

அரூர்,
ஞாயிறு இரவு.

கண்ணு,

உன்னோடு பேசி போனை வைத்து இரண்டு மணி நேரமாகிறது, தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே அமெரிக்காவில் உன் சிநேகிதன் கார் கண்ணாடியை உடைத்து லேப்டாப்பை எடுத்துப் போய்விட்டார்கள் என்றாய். பாவம், உழைத்து வாங்கிய பொருள். எடுத்தவனைப் பிடித்து உள்ளே வைக்கட்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் யார் எடுத்தது என்று கேட்டதற்கு, "கறுப்பருங்க இருக்கிற ஏரியாம்மா, அவங்க அப்படித்தான்" என்றாய். எடுத்தவனை யாரும் பார்க்கவில்லை என்று சொன்னதும் நீதான்.

அந்த வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன், சாமி.

1992-இல் நீ பிறக்கவில்லை. சித்தேரி மலை அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் கூட்டமாக வாச்சாத்தி என்கிற பழங்குடி கிராமத்துக்குள் போனார்கள். அந்த வாரம் எங்கள் ஆசிரியர் அறையில் வேறு பேச்சே இல்லை. "மலைக்காரங்க கட்டை வெட்டுறவங்கதானே, அவங்க அப்படித்தான்" என்று நானும் சொன்னேன். என் வகுப்பில் சாமைச்சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் சொந்தபந்தத்தைத்தான் அப்படிச் சொன்னேன். லாரி லாரியாகக் கட்டை இறங்கியதே, கூலிக்கு வெட்டினவன் மட்டுமா அதை அனுப்பினான் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

18 பெண்களை இழுத்துப்போய்ச் சீரழித்ததும், வீடுகளை நொறுக்கியதும், பிள்ளைகளோடு பெண்களைச் சேலம் சிறையில் அடைத்ததும் மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. சிபிஐ விசாரித்து 269 பேர் மேல் வழக்கு நடந்தது. 29.9.2011 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி. அப்புறம் மேல்முறையீடு. உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது 2023-இல். 31 வருடம். அன்று பதினெட்டு வயதாக இருந்தவளுக்கு நாற்பத்தொன்பது ஆகியிருக்கும்.

அப்புறம் வேறு பள்ளிக்கு மாறினேன். அங்கே குறவர் தெருப் பையன் ஒருவன், கணக்கில் கெட்டி. ஊரில் எங்கே நகை காணாமல் போனாலும் ஜீப் முதலில் அவர்கள் தெருவுக்குத்தான் போகும். அப்பா எங்கேடா என்றால், "கேஸுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க டீச்சர்" என்பான், காய்ச்சல் என்று சொல்வதுபோல. வெள்ளைக்காரன் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று போட்டான். 1911-இல் அது நம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியே குற்றம். கைரேகை வைக்க வேண்டும், ஊரைவிட்டுப் போகக் கேட்க வேண்டும். சுதந்திரம் வந்ததும் சட்டத்தை எடுத்துவிட்டார்கள், ஜீப் போகும் வழி மட்டும் மாறவில்லை. சிறைப் பதிவேட்டில் சாதி எழுதும் இடத்தை நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதே 2024 அக்டோபரில்தான்.

இதெல்லாம் நம் ஊர்க்கதை, அமெரிக்கா வேறு என்பாய். வேறுதான். ஆனால் அந்த ஊரைப் பற்றியும் கொஞ்சம் தேடிப் படித்திருக்கிறேன். ஜனத்தொகையில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு 13, 14 பேர். சிறையில் மூன்றில் ஒருவர் போல. பார்த்தாயா, அவங்கதான் அதிகம் என்பாய். சிறைக்குள் இருக்கும் தலையை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தெரியும். யாரை நிறுத்திச் சோதித்தார்கள், யாருக்கு எத்தனை வருடம் போட்டார்கள் என்றும் பார்க்க வேண்டாமா? 1986-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. கிராக் என்கிற கட்டியான கொக்கைன் போதைப்பொருளை விற்க 5 கிராம் வைத்திருந்தால் குறைந்தது 5 வருடம். அதே கொக்கைன் தூளாக இருந்தால், அந்த 5 வருடத்துக்கு 500 கிராம் வேண்டும். சரக்கு ஒன்றுதான், தண்டனைக் கணக்கில் நூறு மடங்கு. கிராக் வழக்கில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010-இல் அதை 18 மடங்காகக் குறைத்தார்கள், சமமாக்கவில்லை.

போன தீபாவளிக்கு ஒரு கடையில் காவலாளி உன் பின்னாலேயே வந்தான், பையைத் திறந்து காட்டச் சொன்னான் என்று போனில் அழாத குறையாகச் சொன்னாயே கண்ணு. அவனும் உன் நிறத்தைப் பார்த்து, மனசுக்குள் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பான்.

வரும் ஞாயிறு கூப்பிடு. கண்ணாடி மாற்றியாகிவிட்டதா, எடுத்தவன் யார் என்று தெரிந்ததா, அதைச் சொல்.

அம்மா